நாலாம் மாடிக்கு ஓர் ஒட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யானாலும் எழுதிய விரல் மடங்காமலே போகட்டும். சிலர் நடந்ததைச் சொல்லும்போது கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள். இங்கே அதற்கு அவசியம் நேரவில்லை. நடந்த சங்கதி பிறக்கும்போதே முழு முகத்தோடு பிறந்தது.

ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு ஓர் அக்கா. அக்கா தையல்காரி. ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் முன் அறையில் மிஷின், பின் அறையில் கட்டில் என்று கடையையும் வீட்டையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு படிகூட ஏறவோ இறங்கவோ கூடாது என்பது வைத்தியர் போட்ட தடை. அதனால் என்ன, லிஃப்ட் இருக்கிறதே என்று அக்கா கவலைப்படாமல் இருந்தாள். லிஃப்டைப் பார்த்துக்கொள்ளத் தம்பி இருக்கிறானே என்று லிஃப்டும் கவலைப்படாமல் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் நாலாம் மாடியில் நிற்பதை நிறுத்திக்கொண்டது.

பழுது என்று சொல்ல முடியாது. நாலை அழுத்தினால் விளக்கு எரிந்தது. மணி அடித்தது. மூன்றைத் தாண்டி நாலு வந்ததும், கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டைக் கடந்து போகிறவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்தில் போய் நின்றது. இறங்கும்போதும் அதே முறைப்பு.

ஐந்தாம் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருடைய நாற்காலி லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே. அக்காவைத் தேடி வந்தவர்கள் அங்கே இறங்கி, "இங்க டெய்லர் கடை..." என்று வாயைத் திறப்பார்கள். திறந்த வாயைப் பார்த்தால் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு ஆசிரியை கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். கோட்டுக்குப் பொத்தான் வைக்க வந்தவருக்கு டாக்டர் இரண்டு பல் வைத்து அனுப்பினார். அவர்களில் யாரும் அப்புறம் துணியைப் பற்றிப் பேசும் நிலையில் இல்லை.

"டேய், உன் லிஃப்ட்டு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுது," என்று அக்கா போனில் கத்தினாள். "இந்த வெள்ளி, அடுத்த வெள்ளி போக, மூணாவது வெள்ளிக்கிழமை ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் இருநூத்து நாப்பது பிள்ளைங்களை யூனிஃபார்முக்கு அளவெடுக்கக் கூட்டிட்டு வர்றாங்க. லிஃப்ட் நாலுல நிக்கலைன்னா வேற டெய்லர் பாத்துக்குவேன்னு சொல்லிட்டாங்க. வருஷம் பூராவும் சோறு போடுற ஆர்டர்டா அது."

"பிள்ளைங்கதானே, படியேறட்டுமேக்கா."

"இருநூத்து நாப்பது பிள்ளைங்க படியேறினா நாலாவது மாடிக்கு எத்தனை வந்து சேரும்னு உனக்குத் தெரியுமா? அந்தம்மாவுக்குத் தெரியும். அவங்க இருபது வருஷ சர்வீஸ்."

மெக்கானிக் வந்து லிஃப்டின் கூரைமேல் ஏறினான். கயிறு சரி, கப்பி சரி, கதவு சரி. மூளைப் பெட்டியில் கம்பியைச் சொருகி உள்ளே ஓடும் நிரலைத் தன் பழைய மடிக்கணினியில் விரித்துப் பார்த்தான். மாடிகளின் பெயர்களெல்லாம் ஒரே வரியில் வரிசையாக இருந்தன. தரை, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

நாலு இல்லை. அவ்வளவுதான் நோய். ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. மெக்கானிக் சிரித்தே விட்டான்.

அந்தச் சிரிப்பு அரை மணி நேரம் நீடித்தது. அதற்குள் அவன் ஒரு சொல்லைச் சேர்த்து, நிரலைத் திரும்பப் பெட்டிக்குள் அனுப்பியிருந்தான். லிஃப்ட் தரைத்தளத்தில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது. திரையில் ஒரு வாசகம் வந்தது: 'பேரவையின் முத்திரை இல்லாத நிரலோடு நான் ஓடுவதில்லை.' பழைய நிரலைப் போட்டதும் மறுபடி ஓடியது. நாலைத் தவிர.

பேரவை என்பது அந்த நிரலைக் காத்து வளர்ப்பவர்களின் சங்கம். பொதுநல எண்ணத்தோடு தொடங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். நிரலின் முதல் பக்கத்திலேயே, 'வருக, வருக, உங்கள் பங்களிப்பை இருகரம் நீட்டி வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அந்த இரு கரங்களையும் எப்படி அணுக வேண்டும் என்பதற்கான விதிகள் நூற்றுப் பதினான்கு பக்கத்துக்கு இருந்தன.

மெக்கானிக் விதிகளைப் படிக்கவில்லை. போனை எடுத்தான். 'ஐயா, மாடிகள் பட்டியலில் நாலு விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுங்கள், நன்றி' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

'உங்கள் கடிதத்தில் சாய்ந்த எழுத்தும் நீல நிறமும் காணப்பட்டன. இவை இங்கே தடை செய்யப்பட்டவை. கடிதம் படிக்கப்படாமல் அழிக்கப்பட்டது. திருத்தங்களைப் பேரவையின் எடிட்டருக்குள்ளிருந்து மட்டுமே அனுப்பவும்.'

எடிட்டர் என்றால் பத்திரிகை ஆபீசில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பவர் அல்ல. எழுத்தைத் தட்டவும் திருத்தவும் உதவும் ஒரு மென்பொருள். பேரவைக்காரர்கள் அதற்குள்தான் நிரல் எழுதினார்கள். அதற்குள்ளேயே மின்னஞ்சல் படித்தார்கள், பதில் போட்டார்கள், வந்த திருத்தத்தின்மேல் ஒரு பொத்தானைத் தட்டி நிரலில் சேர்த்தார்கள். ஒருவர் கல்யாணமே அதற்குள் செய்துகொண்டார் என்று கேள்வி. பெண்ணும் அதற்குள்ளேயே இருந்ததால் காரியம் சுலபமாக முடிந்ததாம்.

மெக்கானிக் அந்த எடிட்டரை இணையத்திலிருந்து மடிக்கணினியில் இறக்கிக்கொண்டான். உள்ளே போக ஒரு வழி, வெளியே வரப் பதினேழு வழி. பதினேழும் உள்ளே இருந்த உதவிப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. உதவிப் பக்கத்துக்குப் போகும் வழி வெளியே இருந்தது. திங்கள் சாயங்காலம் உள்ளே போனவன் புதன் மத்தியானம், மடிக்கணினியின் மின்கலம் தீர்ந்ததால், தப்பி வெளியே வந்தான். இதற்கிடையில் கடிதம் அனுப்பும் முறை பிடிபட்டிருந்தது. கன்ட்ரோல் பொத்தானைக் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, சுண்டுவிரலை அந்தக் கோடிக்கு நீட்டி, நடுவிரலால் இரண்டு தட்டு. மூன்றாவது நாள் அவனுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வரவில்லை.

படியேறிப் போய் அக்காவிடம் விளக்கினான். "இதுக்குப் பேரு பேட்ச்சுக்கா. எடுக்க வேண்டிய வரிக்கு முன்னால மைனஸ் போடணும். சேர்க்க வேண்டிய வரிக்கு முன்னால பிளஸ் போடணும். மெயில்ல அனுப்பினா அவங்க அப்படியே தட்டி ஒட்டிக்குவாங்க."

"ஒட்டுப் போடுறதுதானே? இதுல என்ன பெரிய வித்தை," என்றாள் அக்கா. மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தியிருந்த ஒரு கத்தைச் சீட்டை உருவிக் காட்டினாள். அளவு திருத்தக் கொடுத்த துணிகளுக்கு அவள் முப்பது வருஷமாக எழுதும் சீட்டுகள். மைனஸ் போட்டு 'இடுப்பு ஒரு இஞ்ச். எடு.' பிளஸ் போட்டு 'கை அரை இஞ்ச். விடு.' சீட்டு மூன்று விரல் அகலம்தான் என்பதால் எல்லா வரியும் சின்னச் சின்ன வரி. "நானும்தான் தினம் நாப்பது பேட்ச் எழுதுறேன். எனக்கு எந்தப் பேரவை முத்திரை குத்துச்சு?"

அவன் அனுப்பிய முதல் ஒட்டுக்குப் பேரவையின் இடைவெளி ஆய்வாளரிடமிருந்து பதில் வந்தது. வரிக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளியை அவன் ஸ்பேஸ் என்ற நீளப் பொத்தானை எட்டு முறை தட்டி விட்டிருந்தானாம். இடது கோடியில் டேப் என்று இருக்கும் மூலைப் பொத்தானை ஒரு முறை தட்டி விட வேண்டுமாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதை ஆய்வாளரே ஒப்புக்கொண்டிருந்தார். 'ஆனால் கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பார்ப்பதற்காகவே நான் நியமிக்கப்பட்டிருக்கிறேன்' என்று முடித்திருந்தார்.

இரண்டாவது ஒட்டுக்குத் தலைப்பில் 'இரண்டாம் பதிப்பு' என்று போடவில்லை என்று திருப்பினார்கள். மூன்றாவதில் போட்டான். எது மாறியது என்று சொல்லவில்லையே என்றார்கள். 'இரண்டாம் பதிப்பு என்பதை மூன்றாம் பதிப்பு என்று மாற்றியிருக்கிறேன்' என்று நான்காவதில் எழுதினான். மிக நல்ல விளக்கம் என்று மூன்று பேர் பாராட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் அவன் நன்றி சொன்னான். நன்றியை அவர்கள் கடிதத்துக்கு மேலே எழுதிவிட்டான். பதிலைக் கீழேதான் எழுத வேண்டும். மேலே பதில் எழுதியவர்களுக்கு மூன்று நாள் தடை.

தடை முடிந்து ஐந்தாவது ஒட்டு போனபோதுதான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது. பேரவையில் ஒரு வரிக்கு எழுபத்திரண்டு எழுத்துதான். எப்போதோ ஒரு பழைய இயந்திரத்தின் திரை அவ்வளவு அகலம்தான் இருந்தது. அந்த இயந்திரம் உடைந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. துக்கம் இன்னும் அனுசரிக்கப்படுகிறது.

மாடிகளின் வரியில் நாலைச் சேர்த்தால் எழுபத்தாறு வந்தது.

மெக்கானிக் பழைய கடிதங்களைத் தோண்டிப் பார்த்தான். போன மாதம் வரைக்கும் அந்த வரியில் நாலு இருந்திருக்கிறது. 'வரி நீளத்தைச் சீராக்குதல்' என்ற தலைப்பில் ஒருவர் அதை எடுத்திருக்கிறார். ஒன்பது பேர் ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 'இப்போது வரி அழகாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அவனுக்கு இரண்டு காதும் சுட்டது. மூன்றாவது வெள்ளிக்கு இன்னும் நாலே நாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பேரவை அலுவலகத்துக்கு நேரிலேயே போய்விட்டான்.

நீளமான கூடம். பதினாறு மேசை. பதினாறு முதுகு. தட்டச்சுச் சத்தம் ஆலங்கட்டி மழைபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் வரவேற்பு மேசையில் ஒரு பெண்மணி.

"யாரைப் பாக்கணும்?"

"காப்பாளரைப் பாக்கணும்மா. அவர்தானே ஒட்டை ஏத்துக்கிறவரு?"

"மெயில் போட்டீங்களா?"

"நேர்லயே வந்துட்டேனே."

"நேர்ல வந்திருக்கேன்னு மெயில் போட்டீங்களா?"

காப்பாளர் அந்த அம்மாள் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தும்மினால் அவள் சேலையில் தெறிக்கும். மெக்கானிக் மடிக்கணினியைத் திறந்து, எடிட்டருக்குள் போய், 'நான் உங்களுக்குப் பின்னால் நிற்கிறேன்' என்று எழுதி அனுப்பினான். காப்பாளரின் திரையில் மணி அடித்தது. அவர் படித்தார். தட்டினார். வரவேற்பு மேசையில் மணி அடித்தது.

"வரச் சொல்றார்," என்றாள் அந்த அம்மாள்.

காப்பாளருக்கு வெள்ளைத் தாடி, நிதானமான குரல். மின்னஞ்சலில் பதில் எழுதும்போது எதிராளி சொன்னதை ஒரு முறை எடுத்து எழுதிவிட்டு, அதற்குக் கீழே தன் பதிலை எழுதுவது பேரவை வழக்கம். முப்பது வருஷப் பழக்கத்தில் காப்பாளருக்கு அது வாய்ப்பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, நாலாம் மாடியில எங்க அக்கா இருக்காங்க. முழங்கால் ஆபரேஷன். லிஃப்ட் நிக்க மாட்டேங்குது."

"'ஐயா, நாலாம் மாடியில எங்க அக்கா இருக்காங்க' என்று சொன்னீர்கள். அதற்குக் கீழே என் பதில்: மகிழ்ச்சி. 'முழங்கால் ஆபரேஷன்' என்று சொன்னீர்கள். அதற்குக் கீழே என் பதில்: இது பட்டியலுக்குத் தொடர்பில்லாதது. 'லிஃப்ட் நிக்க மாட்டேங்குது' என்று சொன்னீர்கள். அதற்குக் கீழே என் பதில்: இதுவரை நாலாம் மாடியிலிருந்து யாரும் நேரில் வந்து புகார் சொன்னதில்லை."

"எப்படிங்க வருவாங்க? அங்கேருந்து யாரும் இறங்கவே முடியலையே!"

"'எப்படிங்க வருவாங்க' என்று சொன்னீர்கள்..."

பேச்சு இந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது கூடத்தின் நடுவில், சுவரிலிருந்த ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து புகை கிளம்பியது. முதலில் ஊதுவத்தி அளவு. பிறகு அடுப்பு அளவு. பதினாறு பேரும் அதைப் பார்த்தார்கள். பதினாறு பேரும் எடிட்டருக்குத் திரும்பினார்கள். 'புகை: முதல் பதிப்பு' என்று ஒருவர் ஒட்டு அனுப்பினார். அதில் ஒரு வரியின் கோடியில் வேண்டாத இடைவெளி இருப்பதாக ஆய்வாளர் திருப்பினார். புகையையும் நெருப்பையும் ஒரே ஒட்டில் கலக்கக் கூடாது, இரண்டும் தனித்தனிப் பொருள் என்று மூன்றாமவர் எழுதினார். எது முதலில், புகையா நெருப்பா என்ற விவாதம் சூடுபிடித்தது. சுவரும் சூடுபிடித்தது.

மெக்கானிக் எழுந்து போய் சுவிட்சை அணைத்தான். புகை நின்றது.

தட்டச்சுச் சத்தமும் நின்றது. பதினாறு முகங்களும் அவன் பக்கம் திரும்பின. காப்பாளர் எழுந்தே விட்டார்.

"யார் ஆய்வு செய்தது?"

"யாரும் செய்யலீங்க. அணைஞ்சிடுச்சு."

"அணைவது வேறு, ஏற்கப்படுவது வேறு. இன்று நீங்கள் கேட்காமல் அணைப்பீர்கள். நாளை இன்னொருவர் கேட்காமல் அணைப்பார். கடைசியில் எல்லாம் அணைந்துவிடும், பேரவை எதற்கு? தயவுசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்."

மெக்கானிக் சுவிட்சைத் திரும்பப் போட்டான். புகை வந்தது. எல்லோரும் நிம்மதியாகத் திரும்பி உட்கார்ந்து விவாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"உங்கள் விஷயத்துக்கு வருவோம்," என்றார் காப்பாளர் லேசாக இருமியபடி. "வரி நீண்டுவிடுகிறது என்பதுதான் தடை. நாங்கள் இரக்கமற்றவர்கள் அல்ல. ஒரு வழி சொல்கிறேன். நாலைச் சேர்த்துவிட்டு மூன்றை எடுத்துவிடுங்களேன்?"

"மூணாம் மாடிக்காரங்க?"

"அவர்கள் அடுத்த மாதம் ஒட்டு அனுப்பலாம். இங்கே கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது."

"வரியை ரெண்டா மடிச்சுப் போட்டா என்னங்க?"

காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். "அது தொடர் ஒட்டு. முதல் ஒட்டில் வரியை மடிக்க வேண்டும், இரண்டாம் ஒட்டில் நாலைச் சேர்க்க வேண்டும், இரண்டுக்கும் முன்னால் ஒரு முகப்புக் கடிதம் வேண்டும். மடிப்பது எந்த இடத்தில் என்பதைப் பற்றி ஒரு விவாதம் நடக்கும். போன முறை மடித்தபோது பதினாலு மாதம். மிகவும் ஆரோக்கியமான விவாதம். இரண்டு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்." பிறகு தாடியைத் தடவிக்கொண்டார். "ஒன்று புரிந்துகொள்ளுங்கள், தம்பி. நாங்கள் மாடியைப் பார்ப்பதில்லை, வரியைப் பார்க்கிறோம். வரி ஒழுங்காக இருந்தால் மாடி தானாக ஒழுங்காகும். ஆகாவிட்டாலும் வரி ஒழுங்காக இருக்கும் அல்லவா?"

புகைக்கு அப்போது ஒன்பதாம் பதிப்பு நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். அந்த வணக்கத்தையும் காப்பாளர் ஒரு முறை எடுத்துச் சொல்லித்தான் விடைகொடுத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம். பதினோராம் பதிப்பும் திரும்பி வந்தாயிற்று. மெக்கானிக் அக்கா வீட்டுக் கட்டிலின் விளிம்பில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். அக்கா மிஷினில் உட்கார்ந்து, தைக்க ஒன்றும் இல்லாமல், கால்மிதியை ஒற்றைக் காலால் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தாள். மேலே யாரோ பல்லைப் பிடுங்கக் கொடுத்துக் கத்தும் சத்தம் கேட்டது.

"அது என் கஸ்டமர் குரல்தான்," என்றாள் அக்கா. "காலர் இல்லாத ஜிப்பா போடுறவர். பாவம்."

"அக்கா, என்னால முடியலக்கா. நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நானே போய்க் கால்ல விழறேன்."

"நீ எதுக்குடா விழணும்? நான்தான் ஏற்கனவே விழுந்து முழங்கால ஒடைச்சுக்கிட்டேனே, குடும்பத்துக்கு ஒருத்தர் போதும்." அக்கா கையை நீட்டினாள். "கொண்டா அந்தப் பெட்டியை. இத்தனை நாளா நீ அவங்ககிட்ட 'ஐயா, ஐயா'ன்னு குழைஞ்சே. உருப்பட்டுச்சா? நான் எழுதுறேன்."

"அது எடிட்டர்க்கா. உள்ளே போனா வெளியே வர முடியாது."

"நான் வெளியே போயி ஒரு மாசமாச்சு. எனக்கு என்ன வித்தியாசம்?"

கடைசியாக வந்த கடிதத்துக்குக் கீழே பதில் எழுதும் இடத்தைத் திறந்து கொடுத்தான். அக்கா தட்டினாள். இடைவெளி விட வேண்டிய இடத்தில் அவளுடைய விரல் தானாக மூலைப் பொத்தானுக்குப் போனது. முப்பது வருஷமாக மிஷினில் அந்தக் கோடியில்தான் அவளுடைய நூற்கண்டு இருக்கும். முதலில் பேரவையை நாலு வரி திட்டினாள். 'தைக்கத் தெரியாதவன் கத்தரியைத் தொடாதே' என்று ஆரம்பித்து, அவர்களுடைய தாடி வரைக்கும் போனாள். பிறகு, உங்கள் பட்டியலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று நானே சொல்கிறேன் என்று, தன் சீட்டில் எழுதும் வழக்கப்படியே கீழே எழுதினாள்.

- ஒண்ணாம் மாடி: நடந்தே போகலாம். எடு.
- ரெண்டாம் மாடி: அதுவும் நடை தூரம்தான். எடு.
- மூணாம் மாடி: பூட்டியே கிடக்கு. எடு.
- அஞ்சாம் மாடி: பல்லுப் பிடுங்குற இடம். எடு.
+ நாலாம் மாடி: நான் இருக்கேன். வை.

"அனுப்புறது எப்படிடா?"

"கட்டைவிரல் கன்ட்ரோல்ல வெச்சு, சுண்டுவிரலை இப்படி... வேணாங்க்கா, பழக நாளாகும்."

ஊசியில் நூல் கோக்கிற கை. ஒரே தட்டில் போய்விட்டது.

பேரவையில் கடிதம் போய் விழுந்தபோது காப்பாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய எடிட்டரில் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் முதலில் ஒரு சோதனை நிரல் முகர்ந்து பார்க்கும். பிழை இருந்தால் சிவப்பு. வெளியாட்களின் கடிதங்களுக்கு அந்தத் திரையில் பதினொரு வருஷமாகச் சிவப்பைத் தவிர வேறு நிறம் வந்ததில்லை. இப்போது பச்சை வந்தது. வெளியாளுக்கும் பச்சை வரும் என்பதே மறந்துபோயிருந்த காப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இடைவெளிகள் சரி. எந்த வரியும் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. பதில் கீழே எழுதப்பட்டிருந்தது. எடு, வை என்று நிரலுக்கு நேரடியாகக் கட்டளை இடப்பட்டிருந்தது. எடுக்கும் வரிக்கு மைனஸ், சேர்க்கும் வரிக்கு பிளஸ். அதற்கு மேலே இருந்த திட்டு எல்லாம், விதிப்படி, திருத்தத்தின் காரணத்தை விளக்கும் முன்னுரை.

காப்பாளர் இடைவெளி ஆய்வாளரைக் கூப்பிட்டார். வாயால் கூப்பிட்டார். முப்பது வருஷத்தில் அதுவே முதல் தடவை. ஆய்வாளர் வந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"ஒரு தப்புகூட இல்லைங்களே..."

காப்பாளர் பொத்தானைத் தட்டினார். ஒட்டு நிரலில் ஏறியது. முத்திரை விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பேரவை நிரலில் ஓடும் எல்லா லிஃப்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை பிள்ளைகளோடு வந்து லிஃப்டுக்குள் ஏறினார். எந்தப் பொத்தானைத் தொடுவது என்ற கேள்வியே இல்லை. எதைத் தொட்டாலும் லிஃப்ட் ஒரே மூச்சில் நாலாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தது. பத்துப் பத்துப் பேராக இருபத்துநாலு நடை. ஒரு பிள்ளைகூட வழியில் காணாமல் போகவில்லை. லிஃப்டுக்குப் போக வேறு இடமே இல்லை.

மத்தியானம் பல் டாக்டர் படியிறங்கி வந்தார். "என்னம்மா இது, காலையிலேர்ந்து ஒரு பேஷண்ட்டும் மேல வரலையே?"

"உட்காருங்க டாக்டர்," என்றாள் அக்கா, வாயில் குண்டூசிகளோடு. அவளுக்கு எதிரில் கன்னம் வீங்கிய மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு அக்குள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "பல்வலின்னாங்க. வலிக்கிற பல்லை நான் என்ன பண்றது? அப்படியே வந்ததுக்கு ஆளுக்கு ரெண்டு சட்டை எழுதியிருக்கேன். உங்க கோட்டுகூடத் தோள்ல தொங்குதே. வாங்க, ஒரு அரை இஞ்ச் எடுத்துடலாம்."

டாக்டர் கோட்டின் தோளை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

அடுத்த வாரம் பேரவையின் பொதுக்கூட்டத்தில் அக்காவின் கடிதம் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. புகையின் முப்பத்தோராம் பதிப்பு இன்னும் ஏற்கப்படாததால் சுவர் அந்தப் பக்கம் கறுப்பாகத்தான் இருந்தது. மெக்கானிக்கை அக்காவின் சார்பில் அழைத்திருந்தார்கள். காப்பாளர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, உலகெங்கும் நாலாம் மாடியைத் தவிர மற்ற மாடிகளுக்கு லிஃப்ட் போகவில்லை என்று சிலர் குறைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கடிதங்களில் சாய்ந்த எழுத்துகள் இருந்தன. இந்த ஒட்டில் என்ன எழுதியிருந்தது என்று என்னைக் கேட்கிறார்கள். அதை நான் படிக்கவில்லை. படிப்பது என் வேலையல்ல. எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே என் வேலை. அதைப் பார்த்தேன். அழுதேன். நிரலில் இப்போது மாடிகளின் வரி ஆறே எழுத்து நீளம்தான். இனி நூறு வருஷத்துக்கு அந்த வரியைப் பற்றி நமக்குக் கவலை இல்லை."

கைதட்டல் ஓய்ந்ததும் அக்காவைப் பேரவையின் துணைக் காப்பாளராக நியமித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. மெக்கானிக் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். அக்கா தீர்மானத்தைப் படித்துவிட்டு, அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, ஆணியில் குத்தி வைத்துக்கொண்டாள்.

"வர மாட்டியாக்கா? பெரிய பதவிக்கா."

"வரேன்டா, எனக்கென்ன. முதல்ல அந்தத் தாடிக்காரர வந்து அளவு குடுக்கச் சொல்லு. எது நீளம், எது கட்டைன்னு நேர்ல பாத்துத்தான் நான் ஒட்டுப் போடுவேன்."

யூனிஃபார்ம் இருநூற்று நாற்பதும் குறித்த நாளில் முடிந்தன. லிஃப்ட் இன்றைக்கும் தரையிலிருந்து கிளம்பி ஒரே மூச்சில் நாலாம் மாடியில்தான் நிற்கிறது. அக்காவுக்கு முழங்கால் குணமாகிவிட்டது. இருந்தாலும் இறங்க நேரமில்லை, அவ்வளவு வேலை.

அந்தக் கட்டடத்துக்கு மாடிகள் மொத்தம் மூன்று.